ஒருவருக்கான அளவு

மேலாண்மைக் கல்லூரியில் புதுமையாக யோசிக்கக் கற்றுக்கொடுக்கும் பேராசிரியரின் அறைக்கு, அந்த மாணவி தினமும் வருவாள். "சாப்ட்டீங்களா சார்?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னார். மனைவி போய் நாலு வருடமாகியும் கை இரண்டு பேருக்குத்தான் சமைக்கிறது, மீதியைக் கொட்டுகிறார். அவள் கண் கலங்கினாள். பெற்ற மகள்கூட இப்படி விசாரித்ததில்லை என்று மனுஷன் உருகிப்போனார்.

தொழில் யோசனைகளைச் சமர்ப்பிக்கும் நாள் வந்தது. அவள் திரையில் காட்டினாள்: 'தனி ஆளுக்கான சமையல் பொட்டலம். வாடிக்கையாளர்: மனைவியை இழந்தவர், வயது 57. மீதியைக் கொட்டுகிறார்.'

வகுப்பே கைதட்டியது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"ஆராய்ச்சின்னு தெரிஞ்சா யாரும் மனசு திறக்க மாட்டாங்கன்னு நீங்கதானே சார் சொல்லிக்குடுத்தீங்க?"

மதிப்பெண் தாளில், 'வாடிக்கையாளரின் நம்பிக்கையைப் பெறுதல்' என்ற கட்டத்தில் பத்துக்குப் பத்து போட்டார்.