அப்பாவுக்கு அடுத்த இடம்

“இன்னிக்கு ஒருத்தர் ஒதுங்கினாலும் போதும்மா, இனிமே இந்த வாசலை மிதிக்க மாட்டேன்.”

தேவாலயப் படியேறும்போதே அப்பா சொல்லிவிட்டார். கீழுதட்டில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அவர் வெளியே தலைகாட்டுவது இதுவே முதல்முறை. தைத்த உதடு ஒருபக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் எச்சில் கசிந்தது. யாருக்கும் ஒட்டுகிற நோயல்ல என்று டாக்டர் அடித்துச் சொல்லியிருந்தார். இருந்தாலும் வீட்டில் அவருடைய தம்ளர் தனி அலமாரியில் இருந்தது. மருந்து வாடை மற்றவற்றில் ஏறிவிடக் கூடாதென்று மகள் செய்த ஏற்பாடு அது.

திருவிருந்தில் திராட்சைரசம் குடிக்க எல்லாருக்கும் ஒரே கிண்ணம். அப்பா வாய் வைத்த கிண்ணத்தில்தான் அடுத்தவரும் வாய் வைக்க வேண்டும்.

திராட்சைரசம் பெற வரிசை கட்டினார்கள். அப்பா தடுமாறிவிடுவாரே என்று, அவர் கையைப் பிடித்துக்கொண்டு மகள் முன்னால் நடந்தாள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள்.

அப்பாவுக்குப் பின்னால் ஒரு கட்டில் போடும் அளவுக்கு வெறுந்தரை. அடுத்து வரவேண்டிய வாத்தியாருக்கு அப்போதுதான் ஷூ நாடா அவிழ்ந்திருந்தது. அவர் மனைவிக்குக் கைப்பையில் எதையோ தேட வேண்டியிருந்தது.

அப்பா திரும்பாமலேயே கேட்டார்: “பின்னால யாராவது வர்றாங்களாம்மா?”

“வர்றாங்கப்பா.”

அந்த நேரம் பார்த்துக் கடைசி பெஞ்சிலிருந்து, முழங்கையால் ஆட்களை விலக்கிக்கொண்டு, தையல்கார அத்தை வந்தாள். பஸ்ஸானாலும் பந்தியானாலும் முதல் ஆளாக நிற்பவள். சபையில் அவளுக்கு முந்திரிக்கொட்டை என்றே பெயர்.

மகளுக்குப் புரிந்துவிட்டது. அப்பா வாய் வைப்பதற்குள் இவள் குடித்துவிட வேண்டும். மற்றவர்களாவது ஒதுங்கி நின்றார்கள். இவள் அவரைத் தாண்டியே ஓடப் பார்க்கிறாள். மகள் கையை நீட்டி மறித்தாள்.

“இங்கேயுமா முந்தணும், அத்தை?”

“வாயை மூடிட்டு முன்னால பார்த்து நடடி.”

பீடத்தின் முன் மண்டியிட்டபோது, அத்தை அப்பாவை இடித்துக்கொண்டு அவருக்கு மறுபக்கம் மண்டியிட்டாள். போதகர் மகளின் பக்கத்திலிருந்து வந்தார். மகள் குடித்தாள். அடுத்து அப்பா. உதடு சரியாகக் கூடாமல் ரசம் கிண்ணத்தின் விளிம்பில் வழிந்தது.

வரிசையில் நின்றவர்கள் அந்த விளிம்பையே பார்த்தார்கள்.

போதகர் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். துணியை மடித்து மறுபடியும்.

“தேய்ச்சது போதும் ஐயா, இப்படிக் குடுங்க,” என்றாள் அத்தை.

கிண்ணத்தைத் திருப்பாமல், அப்பா வாய் வைத்த அதே இடத்தில் வாய் வைத்துக் குடித்தாள்.

வாத்தியாரின் ஷூ நாடா அதற்குள் சரியாகிவிட்டது. வரிசை நகர்ந்தது. அப்பா கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டு, அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் சீக்கிரமே கிளம்ப வேண்டும் என்றார்.

வாசலில் மகள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மன்னிச்சிடுங்க அத்தை. அப்பாவுக்கு முன்னால போகத்தான் முண்டியடிக்கிறீங்கன்னு நினைச்சுட்டேன்.”

அத்தை சிரித்தாள்.

“முன்னால எனக்கு ஏதும்மா இடம்? அங்கேதான் நீ நின்னுட்டிருந்தியே.”