கொக்கியைத் தட்டுமுன்

மைசூர் மரமில்லில், தடிகளைக் கட்டிய சங்கிலியின் கொக்கியை ஒரு தட்டுத் தட்டினால் போதும், லோடு மொத்தமும் லாரியின் மறுபக்கம் உருண்டுவிடும். அதனால் அந்தப் பக்கத்து ஆளிடம் கேட்காமல் டிரைவர் குப்பண்ணன் தட்டுவதே இல்லை. தொண்ணூற்றாறு தசராவுக்கு முன்தினம் மறுபக்கம் நின்ற சின்னான் நசுங்கிச் செத்தபோதும், பதில் வந்த பிறகுதான் தட்டினார். பதில் வந்ததென்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

இன்று மறுபக்கச் சக்கரத்துக்குக் கட்டை வைக்கப் போனவன் மாதேஷ்.

"வெலகிட்டியாடா?"

"வெலகிட்டனுங்ணா. தட்டுங்க."

சுத்தியலை ஓங்கியவர், என்னவோ தோன்றி, குனிந்து லாரிக்கு அடியில் பார்த்தார். மாதேஷின் கால்கள் சக்கரத்தருகிலேயே நின்றன.

"அங்கயே நின்னுட்டு எதுக்குடா வெலகிட்டங்கற?"

"நான் இன்னும் வாயே தொறக்கலீங்ணா."

மாதேஷ் சுற்றி ஓடிவந்து அவரை ஒட்டி நின்றான்.

ஆளில்லாத மறுபக்கத்திலிருந்து அவன் குரல் மறுபடியும் சொன்னது: "தட்டுங்ணா."