எண்ணெய் வைத்த தலை

அருவியில் குளிக்க வந்த கரடிக் குடும்பம், மூன்று நாள் தங்குவதற்காகப் பாறையோரம் கூடாரம் போட்டது. முதல்நாள் காலையில் தாய்க்கரடி சடைச்சி, புருஷனுக்கும் இரண்டு குட்டிகளுக்கும் சூடு பறக்க நல்லெண்ணெய் தேய்த்துவிட்டு, மிச்சத்தைத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் எதிரே பலாமரத்தில் ஒரு பெண்குரங்கைப் பார்த்தாள். குரங்கின் கண் இவளைவிட்டு நகரவில்லை.

"நீங்க போங்க. நானும் வந்துட்டா புளிச்சோறு அவ வயித்துக்குத்தான் போகும். நாளைக்குக் குளிச்சுக்கிறேன்" என்று சோற்றுத் தூக்குவாளியை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளும் அதே கதைதான். "அம்மா, வாம்மா" என்று சின்னக்குட்டி தண்ணீருக்குள்ளிருந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கூப்பிடுவதையே விட்டுவிட்டது.

மூன்றாம் நாள் மலையில் மழை. அருவி செந்நிறமாக இரைந்து விழுந்தது. கிட்டே போக முடியாது. கூடாரத்தைச் சுருட்டும்போது சடைச்சி மனசு ஆறாமல் பலாமரத்துக் குரங்கை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏண்டி, ஒரு வாய் சோறு கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே. இப்படி ரெண்டு நாளும் என்னைக் கட்டிப் போட்டுட்டியே."

"சோறா?" குரங்கு சற்று நகர்ந்து, தன் முதுகுக்குப் பின்னால் பழுத்திருந்த பலாப்பழத்தைக் காட்டியது. "நீங்க மரம் ஏறிருவீங்கன்னு நான்தான்க்கா இறங்காம இருந்தேன். என் புள்ளைங்களும் அங்கேதான் குளிச்சுதுங்க."



சடைச்சி தலையைத் தடவினாள். முதல்நாள் வைத்த எண்ணெய் விரலில் பிசுபிசுத்தது.