துரை உட்கார்ந்த நாற்காலி

துமாஸ் வீதியில் பிரெஞ்சுத் துரை ஒருவர் வீட்டுச் சாமான்கள் ஏலம் போய்க்கொண்டிருந்தன. பழஞ்சாமான் வியாபாரி சக்கரபாணிக்குத் தேக்குச் சாய்வு நாற்காலி மேல் கண்.

"நாப்பது," என்றார்.

"நாப்பத்தஞ்சு." சமையற்கட்டு வாசலில் நின்ற, நூல் புடவைக் கிழவியின் குரல் அது.

இத்தனை வருஷம் துடைத்து வைத்த வேலைக்காரி போலிருக்கிறது, ஆசைப்படுகிறாள் என்று சக்கரபாணி வாயை மூடிக்கொண்டார். மூன்று தரம் சொல்லி முடிந்தது.

"தொர ஞாபகமா வச்சுக்கம்மா," என்றார் அவளிடம் போய்.

"ஆமாங்க. பையன் தெரியாம இதையும் பட்டியல்ல எழுதிட்டான். எழுதினதை ஏலம் கேட்டுத்தான் எடுக்கணுமாம்."

அதற்குள் ஏலக்காரர் வந்து அவள் முன் பணிவாகக் காகிதத்தை நீட்டினார்.

"மதாம், வித்தவங்க, வாங்கினவங்க, ரெண்டு எடத்துலயும் நீங்களேதான் கையெழுத்துப் போடணும்."