ஆறாம் மாடிக் கதவு

வீடு இருந்தது. கதவைக் காணோம். வாசலில் ஒரு பழைய புடவை தொங்கியது.

ஆறு மாடி ஏறி வந்ததில் வீட்டுவசதி அதிகாரிக்கு மூச்சு வாங்கியது. கோபம் மட்டும் குறையவில்லை.

“கதவு எங்க?”

“கீழ இருக்கு சார்.”

“கீழன்னா? பழைய சாமான் கடையிலயா?”

புடவையை விலக்கிக்கொண்டு வந்தவள், பாலத்தடியில் பதினோரு வருஷம் தனியாகக் கிடந்தவள். இலவச வீடு கிடைத்து நாலு மாதம்தான் ஆகிறது.

“நாலு பேர் கதவைத் தூக்கிட்டுப் போனதாப் புகார் வந்திருக்கு. இல்லைன்னு சொல்லுவியா?”

“தூக்கிட்டுப் போனது நிஜம்தான் சார். ஆனா...”

“ஆனாவும் வேணாம், ஆவன்னாவும் வேணாம். ஓசியில குடுத்தா இப்படித்தான். இன்னிக்குக் கதவு, நாளைக்கு ஜன்னல். உங்களையெல்லாம் பாலத்தடியிலேயே விட்டிருக்கணும்.”

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அதிகாரி நின்றபடியே நோட்டீஸ் எழுதினார். ஒதுக்கீடு ரத்து, ஏழு நாளில் காலி செய்ய வேண்டும். அடியில் கையெழுத்து போட்டார். அதன் வாலில் நத்தை மாதிரி ஒரு சுழி.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரன் ஓடி வந்தான்.

“சார், கதவை விக்கல. போன வாரம் என் பொண்டாட்டிக்கு வலி வந்து ரத்தமாப் போச்சு. ஆம்புலன்ஸ்காரங்க தள்ளுவண்டி படி ஏறல. இந்த அக்காதான் சுத்தியலை எடுத்துக் கதவைப் பேத்துக் குடுத்தாங்க. அதுல படுக்க வச்சுத்தான் ஆறு மாடியும் இறக்கினோம். இப்ப தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க.”

அதிகாரி தொண்டையைச் செருமினார்.

“சரி, அப்புறம் திரும்ப மாட்ட வேண்டியதுதானே?”

“எப்படி சார் மாட்டுறது?” என்றாள் அவள். “முந்தாநாள் மூணாவது மாடிப் பெரியவரையும் அதுலதான் இறக்கினாங்க. அடுத்து யாருக்குன்னு தெரியாது. பதினோரு வருஷம் கழிச்சு இந்த நாலு மாசம்தான் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுத் தூங்கினேன். இப்ப மறுபடியும் அரைத்தூக்கம்தான். எனக்கு மட்டும் கதவு வேணாம்னா இருக்கு?”

நோட்டீஸை வாங்கியவள் அந்தக் கையெழுத்தையே பார்த்தாள்.

“இந்தச் சுழி எனக்குத் தெரியும் சார். லிப்ட் பக்கத்துல மாசாமாசம் ஒரு தாள் ஒட்டுறாங்களே, ‘சோதித்துப் பார்த்தேன், நன்றாக இயங்குகிறது’ன்னு. அதுலயும் இதே சுழிதான்.”

அதிகாரி பேனாவை மூடினார்.

“நாங்க குடிவந்த நாள்லேர்ந்து ஒரு தடவைகூட ஓடாத லிப்ட் சார் அது. கதவை அதுக்குள்ளதான் சாத்தி வச்சிருக்கோம். இறங்கிப் போறப்போ பாருங்க, உங்க கையெழுத்துக்குப் பக்கத்துலயே நிக்குது.”