மெழுகுக்குள் ஈரல்

மட்டக்களப்பில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் தக்சிகா, அப்பாவின் ஈரலில் ஊசியால் எடுத்த நூல் போன்ற துணுக்கைத் தன் கையாலேயே மெழுகுக் கட்டியில் பதித்தாள். மெல்லிய சீவலொன்று எடுத்துச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் வைத்தாள். ஈரலின் சிறு கூறுகளான ஆறு மூலைச் சோணைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் சிறு நாளம், அதைச் சுற்றி வரிசை வரிசையாக உயிர்க்கலங்கள்.

"வடிவான ஈரல். இந்த மனுசன் நம்மளைவிடக் கனநாள் இருப்பார்," என்று குனிந்து பார்த்துச் சிரித்தார் ஆய்வுகூட டொக்டர். "எதுக்கும் இன்னொரு சீவல் எடுங்க புள்ள."

சீவச் சீவத் துணுக்கு தேயவேண்டும். மறுநாள் அது அரிசி அளவு தடித்திருந்தது. அதற்கடுத்த நாள் புளியங்கொட்டை அளவு.

ஆரையம்பதி வீட்டிலிருந்து அம்மா போனில் பேசினாள்.

"அப்பா இன்னும் வத்திட்டார் மகள். சாரன் இடுப்பில நிக்குதில்ல."

"சாப்பிடுறாரா?"

"ஓம், ரெண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுறார். எங்க போகுதெண்டுதான் தெரியல்ல."

அதன்பின் தக்சிகா சீவவில்லை. கட்டியை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

திங்கட்கிழமை காலை திறந்து பார்த்தாள். கட்டியில் மெழுகே இல்லை, முழுவதும் ஈரல். விரலால் தொட்டாள். சூடாக இருந்தது.

மேசையில் போன் அடித்தது. அம்மா.