அடிக்கு முந்தைய அழுகை

“ஸ்கூலையும் விட்டாச்சு, நாள் முழுக்க என்னதான்டீ பண்ணறே?” என்று பெரியம்மா பெண் சுப்ரியா ஒருமுறை கேட்டிருந்தாள். மைதிலி அதற்குப் பதிலாக எழுதி அனுப்பியதைத்தான், வலியசாலை வீட்டு மாடியறையில் சுப்ரியா இப்போது தோழிகளுக்கு உரக்க வாசிக்கிறாள். இதைக் கேட்டால் தங்கள் மங்கா என்ற ஜப்பானியச் சித்திரக்கதைக் குழுவில் சேர்த்துக்கொள்வார்கள் என்று மைதிலி கதவோரம் நிற்கிறாள். “ஒற்றைக்கண் வீரன் ஒவ்வொரு முறையும் அடி விழுவதற்கு முன்பே அழுகிறான். வரப்போவது தெரிந்தும் ஓடாமல் நிற்கிறான்.” இதைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்த மங்காவின் முப்பது பாகங்களையும் மைதிலி போனில் மறுபடி படித்தாள், அவன்மேல் உயிரையே வைத்தாள். சாயங்கால வெயில் சுப்ரியாவின் வளையலில் மின்னுகிறது. “மண்டூ, மங்காவில கட்டத்தை வலத்திலேருந்து இடமா படிக்கணும்டீ! அடி வாங்கிண்டுதான் அழறான், எல்லாரையும் போல.” மலையாளித் தோழி அனகா போன் திரையில் விரலை இழுத்துக் காட்டுகிறாள்: முதலில் அடி, பிறகு கண்ணீர். “இது குரூப்பில் இடட்டே?” என்கிறாள். சுப்ரியா வாயைப் பொத்திக்கொள்கிறாள். சிரிப்பு இன்னும் வெடிக்கவில்லை. அதற்குள் மைதிலியின் கண்கள் நிறைந்துவிடுகின்றன. ஓடாமல் நிற்கிறாள். சிரிப்பு முழுவதும் ஓய்ந்த பிறகு படியிறங்கிப் போகிறாள்.